உண்ணிக் காய்ச்சலில் விழுந்த வயதான நாய்: வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது எப்படி?

செவலைக்கு அப்போது 11 வயது. தாய் தெருநாய், தகப்பன் ராஜபாளையம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அவன் நிறத்தையும் காதையும் பார்த்த யாரும் அந்தத் தகப்பன் கதையை நம்பியதில்லை. ஒரு நாள் காலையில் பால்காரர் வந்து மணியடித்தும் அவன் தலையைத் தூக்கவில்லை. வயதாகிவிட்டது, வெயில் வேறு என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு நான்கு நாள் சும்மா இருந்தேன். ஐந்தாம் நாள் அவன் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டித் தரையில் காய்ந்து கிடந்தது.

மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "உண்ணி இருந்ததா?" என்பது. எங்கள் தெருவில் உண்ணி இல்லாத நாய் ஏது? ரத்தத்தை உறையவைக்கும் அணுக்களான பிளேட்லெட் 28 ஆயிரம். நாய்க்குச் சாதாரணமாக 2 லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஹீமோகுளோபின் 12க்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் 6.8. எர்லிக்கியா என்னும் நுண்ணுயிரி உண்டாக்கும் உண்ணிக் காய்ச்சல். 24 கிலோ இருந்தவன் தராசில் 20 கிலோ காட்டினான். அதன்பின் ஏழு வாரம் வீட்டில் வைத்துப் பார்த்தோம். அப்போது கற்றவற்றையும் செய்த தவறுகளையும், இதே நிலையில் முதல்முறை நிற்பவர்களுக்காக வரிசைப்படுத்தி எழுதுகிறேன். மருந்தின் அளவை முடிவு செய்வது மருத்துவர் வேலை. மீதி 23 மணி நேரமும் நாய் உங்களோடுதான் இருக்கப்போகிறது. இது அந்த மணி நேரங்களைப் பற்றியது.

ரத்தம் பார்க்காமல் எதுவும் வேண்டாம்

சாப்பிடாமல் படுத்துவிட்ட கிழ நாய்க்கு உண்ணிக் காய்ச்சல்தான் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். சிறுநீரகம் கெட்டாலும் நாய் இப்படித்தான் படுக்கும். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸிலும் இப்படித்தான். கருத்தடை செய்யாத பெண் நாய் என்றால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். அதற்கு ஊசி போட்டுக்கொண்டு காத்திருந்தால் உயிர் போய்விடும், பெரும்பாலும் உடனே அறுவை சிகிச்சைதான். அதனால் முழு ரத்த எண்ணிக்கை, சிறுநீரகத்துக்கு கிரியேட்டினின், கல்லீரல் பரிசோதனை, ரத்தப் பூச்சைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்ப்பது ஆகிய நான்கையும் கேட்டுச் செய்யுங்கள். காய்ச்சலைத் தணிக்க மட்டும் ஓர் ஊசியைப் போட்டு அனுப்பிவிடும் இடங்கள் உண்டு. நாங்களும் முதலில் அப்படி ஓரிடத்துக்குப் போய்த் திரும்பினோம்.

ரத்தப் பூச்சில் பபீசியா தெரிந்தால் வைத்தியம் வேறு. அது சிவப்பணுவுக்குள் புகுந்து அதை உடைக்கும் ஒட்டுண்ணி. சிறுநீர் கட்டஞ்சாயா நிறத்தில் போகும். எர்லிக்கியாவுக்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளின் மட்டும் அதற்குப் போதாது. இரண்டும் ஒன்றாகவே வந்திருக்கவும் கூடும், ஏனென்றால் இரண்டையும் கொண்டுவருவது ஒரே பழுப்பு உண்ணி.

அருகில் நல்ல ஆய்வகம் இல்லாதவர்களுக்கு அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. சென்னை வேப்பேரியில் உள்ளது 1903இல் தொடங்கிய கல்லூரி. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் உண்டு. கூட்டம் இருக்கும். காலையிலேயே போய், குடிக்கத் தண்ணீரும் விரிக்கத் துணியும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக நாய் சாப்பிட்டது எப்போது, மலம் எப்படி இருந்தது, என்ன தடுப்பூசி எப்போது போட்டது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால், உங்கள் முறை வரும்போது திக்கித் திணற வேண்டாம்.

ஒரு நோட்டு, ஒரு தெர்மாமீட்டர்

வீட்டுக்கு வந்ததும் நான் வாங்கிய முதல் பொருள் 40 பக்க நோட்டு. அதில் பேனாவை நூலால் கட்டிக் குளிர்சாதனப் பெட்டி மேல் வைத்தோம். வீட்டில் மூன்று பேர் முறை வைத்துப் பார்க்கும்போது, மாத்திரை கொடுத்தாயிற்றா என்ற கேள்விக்கு நினைவை நம்பிப் பதில் சொன்னால், ஒரு நாள் இரண்டு முறை கொடுப்போம், இன்னொரு நாள் ஒருவருமே கொடுத்திருக்க மாட்டோம்.

எழுத வேண்டியவை: நேரம், காய்ச்சல், ஈறின் நிறம், மூச்சு எண்ணிக்கை, எத்தனை மில்லி தண்ணீர், என்ன சாப்பாடு எவ்வளவு, சிறுநீர், மலம், மாத்திரை. "காலை 6.30. 103.4. ஈறு வெளுப்பு. கோழிச்சாறு 60 மில்லி, வாந்தி இல்லை. சிறுநீர் மஞ்சள், நிறைய." இவ்வளவு போதும். மூன்றாம் நாள் மருத்துவர் அந்த நோட்டைத்தான் முதலில் கையில் வாங்கினார்.

காய்ச்சல் பார்க்க மனிதர்களுக்கான டிஜிட்டல் தெர்மாமீட்டரே போதும். நாய்க்கென்று தனியாக ஒன்று. நுனியில் வாசலின் தடவி ஆசனவாயில் மெதுவாக ஓர் அங்குலம். பிளேட்லெட் குறைந்த நாய்க்கு அங்கேயும் ரத்தம் கசியலாம், அவசரப்படாதீர்கள். நாயின் சாதாரண வெப்பம் நம்மைவிட அதிகம்: 100.5 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை. எனவே 101 என்று கண்டதும் பதற வேண்டாம். 103க்கு மேல் போனால் காய்ச்சல். 104ஐத் தொட்டால் மருத்துவரை அழையுங்கள். அதுவரை உள்ளங்கால், தொடை இடுக்கு, வயிறு ஆகிய இடங்களைச் சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து மின்விசிறியைப் போடுங்கள். ஐஸ் தண்ணீர் கூடாது.

தூங்கும் நாயின் விலா எழுந்து தணிவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30க்குள் இருந்தால் நல்லது. உறக்கத்திலும் அதற்கு மேல் போய்க்கொண்டே இருந்தால், ரத்தசோகையோ இதயமோ நுரையீரலோ ஏதோ ஒன்று சரியில்லை. ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். நம் நாட்டு நாய்கள் பலவற்றுக்கு ஈறு கறுப்பாகவே இருக்கும். அவற்றுக்குக் கீழ் இமையை இழுத்து உட்புறத்தைப் பாருங்கள்.

மருந்துப் பெட்டியைப் பூட்டுங்கள்

இதற்குத் தனித் தலைப்பு கொடுக்கக் காரணம் இருக்கிறது. காய்ச்சல் என்றதும் நம் கை பாராசிட்டமால் பட்டையைத் தேடும். நாய்க்கு அது கல்லீரலைக் கெடுக்கும், அளவு மீறினால் ரத்தத்தையும் கெடுக்கும். இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் வயிற்றில் புண்ணாக்கி ரத்தம் கசியச் செய்யும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். பிளேட்லெட் 28 ஆயிரத்தில் இருக்கும் நாய்க்கு வயிற்றில் ரத்தக்கசிவு என்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பாதி மாத்திரை, கால் மாத்திரை என்ற கணக்கெல்லாம் வேண்டாம்.

அடுத்து பப்பாளி இலைச் சாறு. டெங்குவுக்குப் பிறகு பிளேட்லெட் என்ற சொல்லைக் கேட்டாலே தெருவே பப்பாளி மரத்தடிக்குப் போகிறது. எங்கள் வீட்டுக்கும் இரண்டு பேர் இலை கொண்டுவந்தார்கள். ஏற்கெனவே குமட்டிக்கொண்டிருக்கும் நாயின் வாயில் அந்தக் கசப்பை ஊற்றினால், கொஞ்சம் சாப்பிட்டுவந்ததையும் அது நிறுத்திவிடும். கொடுக்கத்தான் வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் பிடிவாதம் பிடித்தால், மருத்துவரிடம் கேட்டுவிட்டு, வாந்தி நின்றபிறகு பார்த்துக்கொள்ளலாம். மாத்திரைக்குப் பதிலாக மட்டும் ஒருபோதும் கூடாது.

படுக்கை

காற்று வரும், ஆனால் ஆட்கள் அதிகம் நடமாடாத மூலை. நாங்கள் கூடத்தில் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் போட்டோம், அவனுக்கு அங்கிருந்து சமையலறை தெரியும். அடியில் தடித்த மெத்தை அல்லது மூன்று நான்காக மடித்த ஜமக்காளம், அதன் மேல் பிளாஸ்டிக் விரிப்பு, அதன் மேல் பழைய வேட்டி. வேட்டி போல ஒரு துணி இதற்கு அமையாது: மெல்லியது, உறிஞ்சும், அரை மணி நேரத்தில் காயும். ஆறு வேட்டிகள் சுழற்சியில் இருந்தன.

எழுந்திருக்க முடியாத நாயை மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள், இரவிலும்தான். முழங்கை, இடுப்பெலும்பு, தோள் ஆகிய மூன்று இடங்களில்தான் முதலில் தோல் சிவந்து புண்ணாகும். சிறுநீர் கழித்துவிட்டால் உடனே வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து ஈரம் போகத் துவட்டுங்கள். நம் ஊரில் இன்னொரு தொல்லை ஈ. ஈரமான ரோமத்திலோ சிறு புண்ணிலோ ஈ முட்டையிட்டால் ஓரிரு நாளில் புழு வைத்துவிடும். வாலடியையும் காது மடிப்பையும் தினமும் விலக்கிப் பாருங்கள். பகலில் கொசுவலை போட்டு மூடிவைத்தாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள், சிரித்தால் சிரிக்கட்டும்.

லெப்டோ இல்லை என்று உறுதியாகும் வரை சிறுநீரைக் கையுறை போட்டே துடைக்க வேண்டும். அது மனிதருக்கும் தொற்றும்.

தண்ணீர் முதலில், சாப்பாடு பிறகு

அன்பு மிகுந்தவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். நான்கு நாள் சாப்பிடாத பிள்ளை இன்று வாய் திறந்துவிட்டதே என்று ஒரு தட்டு நிறைய வைப்பார்கள். அது சாப்பிட்டு, எல்லாவற்றையும் வாந்தியெடுத்து, அதற்குப் பிறகு அந்த உணவின் வாசனையைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

தண்ணீர் கணக்கு: ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு சுமார் 50 மில்லி. 20 கிலோ நாய்க்கு ஒரு லிட்டர். உணவில் இருக்கும் நீரும் இதில் சேரும். தோளுக்கு மேலுள்ள தோலைக் கிள்ளித் தூக்கி விட்டால் சட்டென்று திரும்ப வேண்டும். மெதுவாகச் சரிந்தால் உடலில் நீர் குறைந்திருக்கிறது. வயதான நாய்க்குத் தோல் எப்போதுமே கொஞ்சம் தளர்ந்துதான் இருக்கும் என்பதால், ஈறு பிசுபிசுவென்று இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வாந்தி நிற்காதவரை வாய்வழியாக ஊற்றிப் பயனில்லை, சலைன் ஏற்றித்தான் ஆக வேண்டும். எங்களுக்கு மூன்று நாள் மருத்துவமனையில் ஏற்றினார்கள்.

வாந்தி நின்றதும், ஊசியைக் கழற்றிய 10 மில்லி சிரிஞ்ச். நாயை நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்திப் படுக்க வைத்து, தலையை அண்ணாக்காமல், கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையில் உள்ள பையில் சிறிது சிறிதாக விடுங்கள். ஒவ்வொரு விழுங்கலையும் தொண்டையில் பார்த்துவிட்டு அடுத்தது. அண்ணாக்க வைத்து ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். நினைவு தப்பியோ விழுங்க முடியாமலோ கிடக்கும் நாய்க்கு இப்படி ஒரு சொட்டும் கொடுக்கக் கூடாது.

இளநீர் தரலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் சரியாக இருந்தால் சில கரண்டி கெடுதல் செய்யாது. கிரியேட்டினின் ஏறியிருந்தால் வேண்டாம்.

சாப்பாட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. படுத்திருக்கும் நாய்க்குத் தேவையான கலோரி, எடையை 30ஆல் பெருக்கி 70 கூட்டினால் ஏறக்குறைய வரும். 20 கிலோவுக்கு 670. சமையலறை மொழியில் சொன்னால் ஒரு கிண்ணம் குழைந்த சோறு, 200 கிராம் வேகவைத்த எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறி, இரண்டு அவித்த முட்டை. முதல் நாளே இதை எட்ட முயல வேண்டாம். முதல் நாள் மூன்றில் ஒரு பங்கு, மறுநாள் மூன்றில் இரண்டு, மூன்றாம் நாள் முழுமை. அந்தப் பங்கையும் ஐந்து ஆறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்.

செய்முறை எளிது. கோழிக்கறியை உப்பு, மசாலா எதுவும் போடாமல் நிறையத் தண்ணீரில் வேகவைத்து, சாறு ஆறியதும் மேலே படரும் கொழுப்பை எடுத்துவிடுங்கள். கொழுப்பு கணையத்தைக் கெடுக்கும், வயதான நாய்க்கு இன்னும் வேகமாக. அந்தச் சாற்றிலேயே அரிசியைக் கஞ்சிப் பதத்துக்குக் குழைய விட்டு, கறியைப் பிய்த்துப் போட்டு மசியுங்கள். கொடுக்கும்போது கை பொறுக்கும் சூட்டில் இருக்கட்டும். நோயில் மூக்கு மந்தமாகிவிடும். சூடான உணவில்தான் மணம் எழும், மணம் எழுந்தால்தான் நாக்கு நீளும். அப்படியும் வேண்டாம் என்றால் விரலில் எடுத்து மேலுதட்டின் உட்புறம் தடவி விடுங்கள். செவலை நான்கு முறை என் விரலை மட்டும் நக்கிவிட்டுப் படுத்தான், ஐந்தாம் முறை கிண்ணத்தை எட்டிப் பார்த்தான். வாரம் ஓரிரு முறை ஒரு சிறு துண்டு ஈரல் சேர்க்கலாம், தினமும் வேண்டாம். சிறுநீரகமும் கெட்டிருந்தால் கறியின் அளவை மருத்துவர் சொல்லக் கேட்டுச் செய்யுங்கள், மேலே சொன்ன கணக்கு அப்போது செல்லாது.

சாம்பார் சாதம் கொடுக்காதீர்கள். இதுவரை அதைத் தின்றுதானே வளர்ந்தது என்பீர்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். நலமாக இருக்கும் நாய் கொஞ்சம் தாங்கும், ஹீமோகுளோபின் 6.8இல் இருக்கும் நாயிடம் உடைப்பதற்கு மீதி இல்லை. கடையில் வாங்கும் சூப்பிலும் ஈரல் வறுவலிலும் வெங்காயம் இல்லாமல் இருக்காது. திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட் எந்த நாளிலும் ஆகாது. வேகவைத்த எலும்பு வேண்டவே வேண்டாம். ஈறு கிழிந்தால் ரத்தம் நிற்காது.

மாத்திரை: 28 நாள் என்றால் 28 நாள்தான்

எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் வழக்கமாக 28 நாள் தருவார்கள். பெரும்பாலான நாய்கள் ஓரிரண்டு நாளிலேயே காய்ச்சல் விட்டு எழுந்து உட்காரும். அதுதான் ஆபத்தான நேரம். எழுந்துவிட்டதே, பாவம், இன்னும் எதற்கு மாத்திரை என்று 10ஆம் நாளோடு நிறுத்திவிட்டவர்களை எனக்குத் தெரியும். இந்தக் கிருமி வெள்ளணுவுக்குள் ஒளிந்துகொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாமல் மாதக்கணக்கில், ஏன் ஆண்டுக்கணக்கில் இருந்து, கடைசியில் எலும்பு மஜ்ஜையைத் தாக்கும். அந்தக் கட்டத்துக்குப் போன நாயை மீட்பது மிகக் கடினம். வியட்நாம் போரின்போது அமெரிக்க ராணுவம் நூற்றுக்கணக்கான மோப்ப நாய்களை இந்த நோய்க்குத்தான் பறிகொடுத்தது. குண்டு எட்டாத நாயை உண்ணி எட்டியது.

என் தவறு வேறு வகை. ஒன்பதாம் நாள் அவசரத்தில் கேப்சூலை வெறும் வாயில் போட்டுத் தொண்டையைத் தடவிவிட்டு அலுவலகம் போய்விட்டேன். அது உணவுக் குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிட்டது. அடுத்த மூன்று நாள், பசி இருந்தும் விழுங்கும்போது கழுத்தை நீட்டி வலியில் முனகினான். நோய் திரும்பிவிட்டதோ என்று நாங்கள் நடுங்கிப்போனோம். டாக்சிசைக்ளினை உணவு உண்டபின், ஒரு உருண்டைக் கறிச்சோற்றுக்குள் பொதிந்து கொடுத்து, அதன் பின்னாலேயே 10 மில்லி தண்ணீரோ சாறோ கொடுங்கள். பால், கால்சியம் டானிக், இரும்பு டானிக் ஆகியவற்றோடு சேர்த்துத் தந்தால் மருந்து உடலில் சரியாகச் சேராது. இரண்டு மணி நேரமாவது தள்ளிக் கொடுங்கள். தயிர் சாதப் பிரியர்களுக்கும் இதே விதி.

சில நாய்களுக்குச் சில நாள் பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரையும் சேர்த்து எழுதுவார்கள். அதைத் தின்னும் நாய் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும், வீடெல்லாம் சிறுநீர் கழிக்கும், பசி பசி என்று அலையும். திட்டாதீர்கள், மருந்தின் வேலை அது. திடீரென்று நிறுத்தாமல், மருத்துவர் சொன்னபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ஹீமோகுளோபின் இன்னும் இறங்கினால் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். கொடையாளி நாய் நல்ல உடல்நலத்தோடு, தடுப்பூசி போட்டதாக, 25 கிலோவுக்கு மேல், இளவயதோ நடுவயதோ ஆனதாக இருக்க வேண்டும். அப்படி ஒரு லாப்ரடாரோ ஜெர்மன் ஷெப்பர்டோ யார் வீட்டில் இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்து வைத்தோம். நல்ல வேளை, தேவைப்படவில்லை.

உண்ணி வேட்டை

நாயைக் காப்பாற்றிவிட்டு வீட்டை விட்டுவைத்தால் அடுத்த மாதம் மறுபடியும் இதே கதை. பழுப்பு உண்ணி தோட்டத்தைவிட வீட்டுக்குள் வாழ்வதையே விரும்பும். ரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி நாயிடமிருந்து இறங்கிச் சுவரேறி, விரிசலிலோ கதவு நிலையின் இடுக்கிலோ சில ஆயிரம் முட்டை இடும். நாய்ப் படுக்கையை மட்டும் துவைத்துப் போடுபவர்களுக்கு இது தெரிவதில்லை. காலண்டர் ஆணித் துளை, கட்டிலின் பின்புறம், மின்சுவிட்ச் பெட்டியின் ஓரம் என்று டார்ச் அடித்துப் பாருங்கள். விரிசல்களைச் சிமெண்ட் அல்லது புட்டி கொண்டு அடையுங்கள். மருந்து தெளிப்பதானால் நாயை வேறிடத்துக்குக் கொண்டுபோய்விட்டு, காய்ந்தபிறகு உள்ளே விடுங்கள். முட்டையிலிருந்து வருவதையும் பிடிக்க வேண்டும் என்பதால் ஒரு முறை தெளித்தால் போதாது. வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் கலந்த எதையும் கொண்டுவராதீர்கள், பூனைக்கு அது விஷம்.

நாயின் உடலில் காதுக்குள், கழுத்துப்பட்டைக்கு அடியில், விரலிடுக்கில், அக்குளில் தேடுங்கள். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சானிடைசர் ஊற்றிய டப்பாவில் போடுங்கள். மண்ணெண்ணெய் வைப்பது, ஊதுபத்தியால் சுடுவது, விரலால் நசுக்குவது மூன்றும் கூடாது. மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ கொடுக்கும் உண்ணி மாத்திரைகள் இப்போது கிடைக்கின்றன; மற்றவற்றைவிட அவை எனக்கு நிம்மதி தருகின்றன. உங்கள் நாய்க்கு முன்பு வலிப்பு வந்திருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லிவிட்டே கேளுங்கள். படுத்த படுக்கையாக இருக்கும் நாய்க்கு எதை எப்போது தொடங்கலாம் என்பதையும் அவரே சொல்லட்டும்.

நள்ளிரவானாலும் கிளம்ப வேண்டியவை

ஈறு வெள்ளைத் தாள் போல் ஆவது. மூக்கிலிருந்து ரத்தம் நிற்காமல் வருவது. வண்டி வரும் வரை தலையைத் தூக்காமல், மூக்கின் மேல் துணியில் சுற்றிய ஐஸை வைத்து அமைதியாக இருக்கச் செய்யுங்கள். தார் போல் கறுத்த மலம் வயிற்றில் ரத்தம் கசிவதைக் காட்டும், இரும்பு டானிக் கொடுத்தாலும் மலம் கறுக்கும் என்பதால் நோட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். வயிற்றுத் தோலில் புதிதாகச் சிவப்புப் புள்ளிகள், 12 மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, வலிப்பு, வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறுவது, வெப்பம் 99க்குக் கீழே இறங்குவது. கடைசியாகச் சொன்னதைப் பலர் கவனிப்பதில்லை. காய்ச்சல் விட்டது என்று மகிழ்ந்துவிடுகிறார்கள்.

எழுந்து நிற்கும் வாரங்கள்

டைல்ஸ் தரை கிழ நாயின் எதிரி. தசை கரைந்த பின்னங்கால் வழுக்கி ஒருமுறை விழுந்தால், அடுத்த முறை எழவே பயப்படும். படுக்கையிலிருந்து வாசல் வரை சணல் சாக்கோ ரப்பர் பாயோ விரித்து ஒரு பாதை போடுங்கள். நீளமான துண்டை வயிற்றுக்கு அடியில் கொடுத்து இரு முனையையும் மேலே பிடித்தால், பின்பாரத்தில் பாதி உங்கள் கைக்கு வந்துவிடும். முதலில் சிறுநீர் கழிக்க மட்டும். பிறகு வாசல் வரை இரண்டு நிமிடம், நாளுக்கு மூன்று முறை. படுத்திருக்கும்போது ஒவ்வொரு காலையும் மெதுவாக மடக்கி நீட்டி, தொடையைப் பிடித்துவிடுங்கள். ரத்தத்தின் அளவு ஏறாமல் நடையைக் கூட்டக் கூடாது. பிளேட்லெட் ஒரு லட்சத்தைத் தாண்டும் வரை மற்ற நாய்களோடு குதிப்பதும் மாடிப்படி ஏறுவதும் எங்கள் வீட்டில் தடை செய்யப்பட்டிருந்தன.

பிளேட்லெட் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் ஏறிவிடும். சிவப்பணு அப்படியல்ல, ஆற அமர ஏறும். அவனுக்கு 14ஆம் நாள் 1 லட்சத்து 90 ஆயிரம் பிளேட்லெட், ஹீமோகுளோபின் மட்டும் 8.1. கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் அவன் இரண்டு தெரு நடந்தால் உட்கார்ந்துவிட்டதற்குக் காரணம் அதுதான்.

சில நாய்கள் எவ்வளவு செய்தாலும் எழுவதில்லை. முழு மருந்தும் முழுக் கவனிப்பும் இரண்டு மூன்று வாரம் கொடுத்தும் சிவப்பணு, வெள்ளணு, பிளேட்லெட் என மூன்று வகை அணுக்களும் இறங்கிக்கொண்டே போனால், உணவை முற்றிலும் மறுத்தால், தூக்கத்திலும் முனகினால், வலியில்லாமல் விடைகொடுப்பதைப் பற்றி மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். நோட்டில் நல்ல நாள் என்று எழுதியவற்றையும் கெட்ட நாள் என்று எழுதியவற்றையும் எண்ணிப் பார்த்தால், மனசு மறைப்பதை அந்தப் பக்கங்கள் காட்டிவிடும். பக்கத்து வீட்டில் அப்படி ஒரு முடிவை எடுத்தார்கள். அவர்கள் கவனிப்பில் குறை எதுவும் நான் காணவில்லை.

மருந்து முடிந்தபின் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. 28ஆம் நாள் முடிந்து இரண்டு வாரம் கழித்து ரத்த எண்ணிக்கை பாருங்கள், மூன்று மாதம் கழித்து மறுபடியும். சொட்டு விட்டுப் பார்க்கும் கிட் சோதனையை மட்டும் திரும்பச் செய்து, இன்னும் பாசிட்டிவ் என்று அழாதீர்கள். அது பார்ப்பது கிருமியை அல்ல, அதற்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி); குணமான பிறகும் பல மாதம் அப்படியே காட்டும். அடுத்த முறை உண்ணி கடித்தால் நோய் மறுபடியும் வரும், ஒருமுறை வந்ததால் காப்பு எதுவும் கிடைப்பதில்லை. அதனால்தான் எங்கள் நோட்டு இன்னும் குளிர்சாதனப் பெட்டி மேலேயே இருக்கிறது. இப்போது அதில் ஒரே ஒரு பத்தி: மாலை நடை, காதுக்குள், விரலிடுக்கில், கழுத்துப்பட்டைக்கு அடியில், உண்ணி எத்தனை. நேற்று இரண்டு.